நேர்முகத் தேர்வில் மூளை என்ன செய்கிறது?

ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் மன அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானிகளுக்கு நம்பகமான ஒரு சோதனை முறை தேவைப்பட்டது. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்கு ஆய்வகத்திலேயே மன அழுத்தத்தை உண்டாக்க வேண்டும். அவருக்கு வலியோ காயமோ ஏற்படக் கூடாது. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது வேலை செய்யவும் வேண்டும். கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட முறையில் இதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது, வேலைக்கான நேர்முகத் தேர்வு.

சோதனைக்கு வந்தவரிடம், ‘நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், அதற்கு நீங்களே ஏற்றவர் என்று எதிரில் இருக்கும் குழுவிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள்’ என்பார்கள். குழுவில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். பேச்சு முடிந்ததும், 1022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். பிழை விட்டால் மறுபடியும் 1022-லிருந்து தொடங்க வேண்டும். இதற்கு முன்னும் பின்னும் எச்சில் மாதிரியை எடுத்துப் பார்த்தபோது, கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்ந்திருந்தது. இன்றும் உலகெங்கும் மன அழுத்த ஆய்வுகளில் அதிகம் பயன்படும் முறைகளில் ஒன்று இந்த டிரியர் சோதனை.

எதிரில் இருந்தது நிஜமான குழு இல்லை. கிடைக்கப்போவது நிஜமான வேலையும் இல்லை. அது தெரிந்தும் உடல் இப்படிப் பதறுகிறது என்றால், நிஜமான இன்டர்வியூவில், அதிலும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்விக்கடனைத் தலையில் சுமந்துகொண்டு உட்காரும் பிள்ளைக்கு, என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறையில் கை சில்லிட்டுப் போவதும் நாக்கு ஒட்டிக்கொள்வதும் அந்தப் பிள்ளையின் திறமைக் குறைவைக் காட்டுவதில்லை. மனித உடல் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நேர்முகத் தேர்வில் நல்ல மனப்பதிவை உண்டாக்குவது எப்படி என்று சொல்லித்தரப் புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் நிறையவே உண்டு. அவை சொல்வதில் எது அறிவியல், எது வெறும் நம்பிக்கை? மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் உடலுக்குள்ளும், அந்தப் பக்கம் இருப்பவரின் மூளைக்குள்ளும் என்ன நடக்கிறது? இவற்றைத் தெரிந்துகொண்டால் விண்ணப்பதாரருக்கும் நன்மை, தேர்வு செய்பவருக்கும் நன்மை.

தெரிந்த பதில் ஏன் மறந்துபோகிறது?

எந்த வகை அழுத்தம் கார்டிசாலை அதிகம் உயர்த்துகிறது என்று சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரு ஆய்வாளர்கள் 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் ஆராய்ந்தார்கள். இரண்டு நிலைமைகள் ஒன்று சேரும்போது உயர்வு மிக அதிகம் என்று தெரிந்தது. ஒன்று, பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற நிலை. மற்றொன்று, நடப்பது நம் கையில் இல்லை என்ற நிலை. நேர்முகத் தேர்வில் இரண்டுமே முழுதாக இருக்கின்றன.

ஆபத்து என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் குளிர்கின்றன. உள்ளங்கை வியர்க்கிறது. எச்சில் குறைந்து வாய் உலர்கிறது. சில நிமிடங்கள் கழித்து, மூளையின் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அனுப்பிய கட்டளைப்படி கார்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ இந்த ஏற்பாடு மிகவும் உதவும். உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்வதற்கு இது தடை.

காரணம், யோசிப்பதற்கும் சொற்களைக் கோப்பதற்கும் நாம் நம்பியிருக்கும் மூளைப் பகுதி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. அழுத்தத்தின்போது அங்கே நார்அட்ரினலினும் டோபமைனும் அளவுக்கு மீறிப் பெருகி, அந்தப் பகுதியின் நரம்புப் பின்னல்களைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டென் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஒரே நேரத்தில் நாம் மனத்தில் ஏந்தி வேலை செய்யக்கூடிய செய்திகள் சாதாரணமாகவே நான்கு அளவில்தான். நாலு பேர் மட்டும் உட்காரக்கூடிய திண்ணை அது. ‘என்ன நினைக்கிறார்களோ’ என்ற கவலையும், ‘இந்த வேலையும் போய்விட்டால்?’ என்ற பயமும் வந்து இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால், கேட்ட கேள்விக்கும் சொல்ல வேண்டிய பதிலுக்கும் இடம் நெருக்கடியாகிவிடுகிறது. அதனால்தான் அறைக்குள் வராத பதில், வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வரிசையாக வந்து நிற்கிறது.

இதற்கு மருந்து உண்டா? உண்டு என்கிறது அதே டிரியர் சோதனை. 1995-ல் வெளியான ஓர் ஆய்வில் இருபது ஆண்களை ஐந்து நாள் அடுத்தடுத்து அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். அவர்களில் பதின்மூன்று பேருக்கு முதல் நாளோடு கார்டிசால் உயர்வு பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஏழு பேருக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் கார்டிசால் உயர்ந்தது. அதாவது, பலருக்கு இரண்டாவது முறையே உடல் பழகிக்கொள்கிறது. ஒரு சிலருக்குப் பழகக் கூடுதல் காலம் வேண்டும். மாதிரி நேர்முகத் தேர்வின் பயன் இதில்தான் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பது போதாது. எடைபோடும் கண்கள் எதிரில் இருக்க வேண்டும். முகம் தெரியாத மூன்று பேராசிரியர்களோ, வேலையில் இருக்கும் சீனியர்களோ, சிரிக்காமல் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். அதையும் ஒரு முறையோடு நிறுத்தாமல் சில முறை செய்ய வேண்டும்.

இன்னொரு எளிய வழியையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பயத்திலும் இதயம் துடிக்கிறது, உற்சாகத்திலும் துடிக்கிறது. துடிக்கும் இதயத்தை அடக்க முயல்வதைவிட, அந்தத் துடிப்புக்கு வேறு பொருள் கொடுப்பது எளிது.

எதிரில் இருப்பவரின் மூளை

இப்போது மேசையின் மறுபக்கம் போவோம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் தொதொரோவும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களின் முகப் படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா, பழக இனியவரா என்று கேட்டார்கள். அந்தக் கணத்தில் வந்த மதிப்பீடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுச் சொன்னவர்களின் மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்துப்போனது. அரை நொடி, ஒரு நொடி என்று நேரத்தைக் கூட்டியபோது மாறியது முக்கியமாக ஒன்று: ‘நான் சொன்னது சரி’ என்ற உறுதி கூடியது.

இந்த ஆய்வைப் பலரும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தைப் பார்த்து ஆளைக் கணிக்க முடியும் என்று இது சொல்லவில்லை. அந்தக் கணிப்பு வேகமாக வருகிறது, பலருக்கும் ஒரே மாதிரி வருகிறது என்று மட்டுமே சொல்கிறது. வேகமும் உடன்பாடும் இருந்துவிட்டால் அது உண்மையாகிவிடாது. முக அமைப்பை வைத்து நேர்மையையும் திறமையையும் அளப்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்பதைத் தொதொரோவே பிற்கால எழுத்துகளில் வற்புறுத்துகிறார்.

முதலில் விழும் பதிவு பின்னால் வருபவற்றுக்கும் சாயம் பூசிவிடுகிறது. இதை 1946-ல் சாலமன் ஆஷ் அழகாக நிறுவினார். முகமறியாத ஒருவரைப் பற்றிச் சில குணங்களைப் பட்டியலாகப் படித்துக் காட்டினார்: அறிவாளி, கைத்திறன் உள்ளவர், உழைப்பாளி, கனிவானவர், உறுதியானவர், நடைமுறை தெரிந்தவர், எச்சரிக்கையானவர். இன்னொரு குழுவுக்கு அதே பட்டியல். ‘கனிவானவர்’ என்ற இடத்தில் மட்டும் ‘இறுக்கமானவர்’. ஒரே ஒரு சொல் மாறியதும் முழு ஆளும் மாறிவிட்டார். முதல் குழு அவரைத் தாராள மனம் படைத்தவர், நகைச்சுவை உள்ளவர் என்றெல்லாம் கற்பனை செய்தது. இரண்டாம் குழு அப்படிச் செய்யவில்லை. வேறொரு சோதனையில் ஆறு குணங்களை நல்லதில் தொடங்கிக் கெட்டதில் முடியும்படி ஒரு குழுவுக்கும், அதையே தலைகீழாக மற்றொரு குழுவுக்கும் வாசித்தார். முதலில் நல்லதைக் கேட்டவர்கள் அந்த மனிதரை நல்லவிதமாகவே மதிப்பிட்டார்கள்.

இதற்கும் முன்பே, 1920-ல், எட்வர்ட் தார்ண்டைக் இன்னொரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார். அமெரிக்க ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களின் உடலமைப்பு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். ஒன்றுக்கொன்று அதிகத் தொடர்பில்லாத குணங்கள் இவை. ஆனால் ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கு மற்ற எல்லாவற்றிலும் உயர்வாகவே விழுந்திருந்தது. ஒரு நல்ல குணத்தின் வெளிச்சம் ஆள் முழுவதும் பரவிவிடுவதால் இதை ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். நுனிநாக்கு ஆங்கிலம் பேசும் ஒருவர் கணக்கிலும் கெட்டிக்காரர் என்று நம் நிறுவனங்கள் பல நம்பிவிடுவது இதனால்தான். ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவரின் எந்திரவியல் அறிவும் தடுமாறும் என்று எண்ணிவிடுவதும் இதே பிழையின் மறுபக்கம்.

நினைத்ததே நடந்துவிடும் ஆபத்து

முதல் பதிவு மனத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் பரவாயில்லை. அது கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது. டாம் டோஹர்ட்டியும் அவர் குழுவினரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், நிஜமான நேர்முகத் தேர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார்கள். விண்ணப்பத்தைப் பார்த்த உடனேயே நல்ல எண்ணம் கொண்ட தேர்வாளர்கள், அந்த விண்ணப்பதாரரிடம் கனிவாகப் பேசினார்கள். நிறுவனத்தின் பெருமையை எடுத்துச் சொன்னார்கள். அவரைத் துருவிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். தாம் முன்பே நினைத்ததை உறுதிசெய்யும் வகையில் அவர்கள் பேச்சை நடத்தினார்கள் என்பதே கண்டுபிடிப்பு.

இதன் கொடுமையை இன்னும் தெளிவாகக் காட்டியது, 1974-ல் கார்ல் வேர்ட், மார்க் ஸன்னா, ஜோயல் கூப்பர் வெளியிட்ட பிரின்ஸ்டன் ஆய்வு. முதல் பகுதியில் வெள்ளையின மாணவர்களைத் தேர்வாளர்களாக்கினார்கள். கறுப்பின விண்ணப்பதாரர்களிடம் அவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், ஏறத்தாழ கால்பங்கு நேரம் குறைவாகவே பேசினார்கள். விண்ணப்பதாரர்கள் ஆய்வாளர்கள் பயிற்சி கொடுத்து அனுப்பியவர்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். இரண்டாம் பகுதிதான் முக்கியமானது. இம்முறை தேர்வாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சில வெள்ளையின விண்ணப்பதாரர்களிடம் அதே போலத் தள்ளி உட்கார்ந்து, தடுமாறி, சீக்கிரம் பேச்சை முடிக்கச் சொன்னார்கள். அப்படி நடத்தப்பட்டவர்கள் பதற்றமடைந்தார்கள். அவர்களுடைய பதில்களும் தரத்தில் தாழ்ந்தன. பின்னணி தெரியாத நடுவர்கள் ஒளிப்பதிவைப் பார்த்துவிட்டு, இவர்கள் வேலைக்கு அவ்வளவு பொருத்தமில்லை என்று மதிப்பிட்டார்கள். யாரை அப்படி நடத்தினாலும் இதுதான் நடக்கும். குறை ஆளிடம் இல்லை. நடத்தும் விதத்தில் இருந்தது.

நம் நாட்டில் அறைக்குள் போவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒரே அளவு தகுதி கொண்ட விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெயர் மட்டும் வேறு: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காகிதத்தில் இருக்கும் பெயருக்கே இந்த எடை என்றால், உடை, நிறம், உச்சரிப்பு, ஊர் எல்லாம் தெரியும் அறையில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பயிற்சி வகுப்புகளின் கட்டுக்கதைகள்

‘ஒருவர் சொல்வதில் சொற்களின் பங்கு வெறும் 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55’ என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து பிறந்த எண்கள் இவை. அந்த ஆய்வுகளில் இருந்தவை தனித்தனிச் சொற்கள். சொல்லின் பொருளும், அதைச் சொன்ன குரலும் முகமும் ஒன்றோடொன்று முரண்படும்போது, பேசுபவருக்கு நம் மேல் விருப்பமா வெறுப்பா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதே கேள்வி. எல்லா வகைப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். ஒரு மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் அதற்குச் சொற்களால்தான் பதில் சொல்ல முடியும்.

இன்னொன்று, கைகளை இடுப்பில் ஊன்றிக் கம்பீரமாக இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போனால் ஹார்மோன்கள் மாறித் தைரியம் வரும் என்பது. 2010-ல் 42 பேரை வைத்து நடத்திய ஆய்வு, கம்பீரமான தோரணைகளுக்கு இந்த விளைவு உண்டு என்றது. உலகப் புகழும் பெற்றது. 2015-ல் எவா ராணெஹில் குழுவினர் 200 பேரை வைத்து அதைச் சோதித்தபோது, தைரியமாக உணர்வதாகப் பலர் சொன்னார்கள். ஹார்மோனிலோ நடத்தையிலோ மாற்றம் தெரியவில்லை. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான டேனா கார்னியே 2016-ல், இந்த விளைவு உண்மையென்று தாம் நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். தம் பெயருக்குப் புகழ் தேடித்தந்த ஆய்வையே ஆதாரம் மாறியதும் கைவிட்ட அந்த நேர்மை பாராட்டுக்கு உரியது.

மூன்றாவது, ‘முதல் நிமிடத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள்’ என்ற பயமுறுத்தல். 2016-ல் ரேச்சல் ஃப்ரீடர் குழுவினர் அறுநூறுக்கும் மேற்பட்ட நேர்முகத் தேர்வுகளை ஆராய்ந்தார்கள். முதல் நிமிடத்தில் முடிவெடுத்ததாகச் சொன்ன தேர்வாளர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. முதல் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிவெடுத்தவர்கள் நூற்றுக்கு அறுபது அளவு. மற்றவர்கள் அதற்குப் பிறகே முடிவுக்கு வந்தார்கள். ஆகவே, தொடக்கம் சறுக்கிவிட்டது என்று அங்கேயே மனம் தளர வேண்டியதில்லை. அடுத்த கேள்விக்கு நல்ல பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

சரியான ஆளைத்தான் எடுக்கிறார்களா?

இவ்வளவு பாடுபட்டு நடத்தும் நேர்முகத் தேர்வு, நல்ல ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறதா? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதற்கு எதிர்பாராமல் ஒரு பரிசோதனை அமைந்தது. 1979-ல் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம், அங்கிருந்த மருத்துவக் கல்லூரியின் இடங்களை 150-லிருந்து 200 ஆக உயர்த்தச் சொன்னது. நேர்முகத் தேர்வு முடிந்து, நல்ல இடம் பெற்றவர்கள் எல்லாம் சேர்ந்தாகிவிட்டது. எண்ணூறு பேர் கொண்ட வரிசையில் அடிமட்டத்தில், 700-க்கும் 800-க்கும் இடையில் இருந்தவர்களிலிருந்து ஐம்பது பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பிலும், நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சியிலும், முதல் ஆண்டு மருத்துவப் பணியிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத் தக்க வேறுபாடு இல்லை.

ஜேசன் டானா, ராபின் டாஸ், நேதனியல் பீட்டர்சன் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு மாணவர் அடுத்த பருவத்தில் எவ்வளவு மதிப்பெண் எடுப்பார் என்று பிற மாணவர்கள் கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்ததைவிட, நேரில் பேசிவிட்டுக் கணித்தது அதிகம் பிழையாக இருந்தது. சில மாணவர்களை, கேள்வி என்னவாக இருந்தாலும் ஒரு ரகசிய விதிப்படி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்ல வைத்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பதில்களிலிருந்தும் ஒரு முழு மனிதரைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

நேர்முகத் தேர்வையே ஒழித்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனம் போன போக்கில் பேசும் முறை ஒன்று. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் முன்பே எழுதி வைத்த அளவுகோலின்படி உடனுக்குடன் மதிப்பெண் போடும் முறை மற்றொன்று. தேர்வு முறைகளின் கணிப்புத் திறனைப் பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைப் பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் மறுபடி கணக்கிட்டார்கள். தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. வரையறுத்த கேள்விகளோடு நடக்கும் நேர்முகத் தேர்வுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42. அவர்கள் ஆராய்ந்த முறைகளில் இதுவே முதலிடம் பெற்றது. வரையறை இல்லாத பேச்சுக்குக் கிடைத்தது 0.19.

முரே பாரிக் குழுவினர் 2009-ல் தொகுத்த ஆய்வுகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கின்றன. தோற்றம், உடல்மொழி, தன்னை எடுத்துக்காட்டும் சாமர்த்தியம் ஆகியவை நேர்முகத் தேர்வின் மதிப்பெண்ணை நன்றாகவே உயர்த்துகின்றன. பிற்காலப் பணித்திறனோடு அவற்றுக்கு உள்ள தொடர்பு மிகவும் குறைவு. கேள்விகளை வரையறுத்துவிட்டால் அவற்றின் செல்வாக்கும் குறைந்துவிடுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலை முன்பே கண்டுகொண்டது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில், எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், வாய்மொழித் தேர்வுக்கு 50. ஒவ்வொரு மாணவரிடமும் பேசியது இரண்டு மூன்று நிமிடம். இதை எதிர்த்து வந்த அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம், வாய்மொழித் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமாகாது என்றது. அத்தேர்வுகளை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழில் இடம்பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை நீக்கியது. ஐ.ஏ.எஸ். முதலிய பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 மட்டுமே ஆளுமைத் தேர்வுக்கு உரியது.

விண்ணப்பதாரர் செய்ய வேண்டியது

இந்த அறிவியல் எல்லாம் இளைஞருக்குச் சொல்லும் பாடம் எளியது: தேர்வாளரின் மூளை ஊகத்தால் நிரப்பும் இடத்தை நீங்கள் ஆதாரத்தால் நிரப்புங்கள். அதுவும் சீக்கிரமாக நிரப்புங்கள்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. நம் மாணவர்கள் பலர் பெயர், ஊர், அப்பாவின் தொழில், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பொழுதுபோக்கு என்று பயோடேட்டாவை ஒப்பிக்கிறார்கள். முதலில் கேட்பது ஆழமாகப் பதியும் என்று பார்த்தோம். அந்தப் பொன்னான இடத்தை, கையிலிருக்கும் தாளில் ஏற்கெனவே உள்ள விவரத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நீங்கள் செய்து முடித்த ஒரு வேலை, அதில் கற்றது, இந்தப் பணிக்கு அது எப்படி உதவும் என்று மூன்று நான்கு வாக்கியங்களில் தொடங்குங்கள்.

‘நான் கடின உழைப்பாளி’, ‘குழுவாக வேலை செய்வேன்’ என்பவற்றை எல்லோரும் சொல்வார்கள். நடந்த சம்பவத்தை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும். என்ன சிக்கல் வந்தது, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்ற வரிசையில் ஐந்தாறு சம்பவங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டாக இருக்கலாம். அப்பாவின் கடையில் கணக்குப் பார்த்ததாக இருக்கலாம். ஊரில் நூலகம் நடத்தியதாக இருக்கலாம். அடக்கம் கருதி ‘நாங்கள் செய்தோம்’ என்றே பேசிவிடுகிறோம். அதில் உங்கள் பங்கு எது என்பது தேர்வாளருக்குத் தெரியாமலே போகிறது. குழுவைப் பாராட்டிவிட்டு, ‘இந்தப் பகுதியை நான் செய்தேன்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்; அது தற்பெருமை ஆகாது.

முதலில் விடையைச் சொல்லுங்கள். விளக்கம் பின்னால் வரட்டும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் சிறு வாக்கியங்களாக, நிதானமாகப் பேசுங்கள். கேட்பவரை நேராகப் பாருங்கள்; வணக்கத்திலும் விடைபெறுவதிலும் கனிவு இருக்கட்டும். இவை எதுவும் உங்களை வேறொருவராகக் காட்டுவதற்கு அல்ல. இருப்பது இருக்கிறபடி எதிரில் இருப்பவருக்குத் தெரிவதற்கு.

தேர்வு செய்பவர்களுக்கு

பாதிப் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்றால், பெரிய பாதி மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுடையது. ஒரு பள்ளிக்கு ஆசிரியரை எடுப்பவராக இருந்தாலும், பட்டறைக்கு ஆள் எடுப்பவராக இருந்தாலும், மென்பொருள் நிறுவனத்தின் எச்.ஆர். அதிகாரியாக இருந்தாலும், சில காரியங்களைச் செய்ய முடியும். வேலைக்குத் தேவையான திறமைகளை முதலில் எழுதுங்கள். அவற்றைச் சோதிக்கும் கேள்விகளை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடுங்கள். குழுவில் உள்ளவர்கள் கலந்து பேசுவதற்கு முன் தனித்தனியே மதிப்பெண்ணை எழுதிவிடுங்கள். முடிந்தால் அந்த வேலையிலிருந்தே ஒரு சிறு பகுதியைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். உள்ளே வருபவரைப் பார்த்து ஒரு முறை புன்னகை செய்யுங்கள்; சிரிக்காத முகம் அழுத்தத்தை அளக்கும் ஆய்வகத்துக்குத் தேவை, ஆள் எடுக்கும் அறைக்குத் தேவையில்லை.

வேலை கிடைக்காமல் திரும்பிய இளைஞர்களுக்கு ஒரு சொல். அந்த அறையில் அளக்கப்பட்டது உங்கள் வாழ்க்கையின் இருபது நிமிடம். அளந்த கருவியும் துல்லியமானது இல்லை. எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். நண்பர்களை எதிரில் உட்கார வைத்து அதற்கு மறுபடி பதில் சொல்லிப் பழகுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது தயங்காமல் போங்கள்.